வெறும் கொக்கி

கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி நான். பெல்ட் மாட்டாமல் உயரத்தில் ஏறியவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

என் காரிலோ, சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் பீப் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பெல்ட் இல்லாத வெறும் கொக்கிகளைக் கடையில் வாங்கி, முன்சீட் இரண்டின் பூட்டிலும் செருகினேன். சத்தம் அடங்கியது.

ஒருநாள் காலை, சோழவரம் அருகே முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக் போட்டேன். வண்டி இடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியின் நெற்றி டேஷ்போர்டில் மோதிப் பிளந்தது.

தையல் போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார். "பெல்ட் போடலையாம்மா?"

"அவரு சொல்லிக்கினேதான் இருந்தாரு டாக்டர். நான்தான் போடலை" என்றாள்.

சொல்லிக்கொண்டே இருந்தது வண்டி. அதன் வாயை அடைத்தவன் நான்.