அண்ணனுக்கு இரண்டு கல்லறை: பாடாங் மேஹா முதல் கோலா கெத்தில் வரை

போகும் இடத்தை மூன்று வாரம் முன்னதாகவே முடிவு செய்து, ரயில் டிக்கெட்டையும் முழங்கால் தைலத்தையும் எடுத்து வைத்துவிடும் ஆள் நான். இந்தப் பயணம் அப்படி அமையவில்லை. சென்ற ஆண்டு நோன்பு மாதம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை 6:50க்கு ஈப்போ வீட்டில் என் தொலைபேசி அடித்தது. பேசியது என் அண்ணன் மகன் ஹாஃபிஸ். அதற்கு முன் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. விடியற்காலைத் தொழுகை முடித்துப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை என்று மலாயில் சொன்னான். தன் தம்பி ஜொகூரிலிருந்து வர வேண்டும், அதனால் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, "மாக் சூ, நெனெக் பேர் என்ன?" என்று கேட்டான். மாக் சூ என்றால் கடைசி அத்தை. நெனெக் என்றால் பாட்டி, அதாவது என் அம்மா.

நேரில் வந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு பெயரைச் சொல்ல இவ்வளவு பிகுவா என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் மணி அண்ணன், முழுப் பெயர் சுப்ரமணியம், எனக்கு ஒன்பது வயது மூத்தவன். எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இஸ்லாத்துக்குப் போனான். இஸ்மாயில் பின் அப்துல்லா ஆனான். இங்கே மதம் மாறுகிறவர்களுக்கு அப்பா பெயர் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அப்துல்லா என்றே எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அவனைத் தலைமுழுகினார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. வாழைத்தண்டுக்கு அவன் சட்டையைப் போட்டு, நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் அப்பா பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். ஒன்பது வருடம் முன்பு அம்மா போகும்போது என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "எம் பேரு அவன் பேரோட சேந்து யாரு வாயிலயும் வரக்கூடாது." நானும் சத்தியம் செய்தேன். தீபாவளிக்கு அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி, நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு நான் ஒன்று. அவ்வளவுதான் நாங்கள் வைத்துக்கொண்ட உறவு.

ஈப்போவிலிருந்து 8:15 ரயில். சுங்கை பட்டாணிக்கு 10:25க்கு வந்தது. டிக்கெட் 42 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்). நிலையத்துக்கு வெளியே காதர் என்கிற ஓட்டுநரிடம் மாலை ஆறரை வரை 180 வெள்ளிக்குப் பேசி முடித்தேன். ஐம்பது வயதிருக்கும். நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். தமிழ் என்னைவிடச் சுத்தம். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் வானொலியை நிறுத்திவிட்டார்.

"அம்மா பேர எதுக்குக் கேட்டாங்கன்னு தெரியுமா அக்கா?"

தெரியாது என்றேன்.

"மண்ணப் போட்டு முடிச்சதும் இமாம் கபருகிட்ட உக்காந்து மையத்துகிட்ட, அதான் செத்தவருகிட்ட, பேசுவாரு. தல்கீன்னு சொல்றது. ரெண்டு மலக்கு, வானவங்க, வந்து கேள்வி கேப்பாங்க, இப்படி இப்படிப் பதில் சொல்லுன்னு சொல்லிக் குடுப்பாரு. அப்போ மையத்த அம்மா பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். அப்பா பேரு இல்ல."

"பேரு தெரியலன்னா?"

"ஹவ்வாவோட மகனேன்னு கூப்பிடுவாங்க. ஆதம் ஹவ்வா, ஆதாம் ஏவாள்னு சொல்வாங்களே, அந்த ஹவ்வா. பக்கத்து மாநிலம் பெர்லிஸ்ல தல்கீனே வேணாம்பாங்க. இங்க கெடாவுல இன்னும் ஓதுறாங்க லா."

முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். செத்தவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். அவர்களிடம் யாராவது பாடம் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்ததில்லை. முதுகில் ஈரத்துணி பட்டது மாதிரி இருந்தது. உடனே அந்த வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நேரம் இருக்கிறதே, சுற்றிப் போகலாம் என்றேன்.

முதலில் தீக்காம் பத்து பக்கம், கெடாவின் முதல் சுல்தான் அடக்கமான இடம். நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர், 11:05க்குச் சேர்ந்தோம். கட்டணம் இல்லை. வேலிக்குள் மரநிழல், இரண்டு நடுகல், ஆள் யாரும் கிடையாது. இங்கே ஆண்டவர்கள் ஒரு காலத்தில் நம் சாமிகளைக் கும்பிட்டவர்கள். எதிரே தெரியும் ஜெராய் மலையடியில் அவர்கள் கட்டிய கோயில்களின் அடித்தளம் இன்னும் கிடக்கிறது. பிறகு அரபு நாட்டுக்காரர்களும் குஜராத்திகளும் நம் கரைத் தமிழர்களும் காற்றுக் காலம் பார்த்துக் கப்பலில் வந்தார்கள். சரக்கோடு தொழுகையும் வந்தது. ஏமனிலிருந்து வந்த ஒரு பெரியவர் சொல்லைக் கேட்டு ராஜா மதுச்சாடிகளைக் கவிழ்த்தார், கலிமா சொன்னார், பெயரை மாற்றிக்கொண்டார் என்பது இந்த ஊர்க் கதை. காதர் இதை ரசித்துச் சொன்னார்.

"ராஜா மாறினப்ப அவரோட அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "கதையில அம்மா வரலயே அக்கா."

அங்கிருந்து பாடாங் செராய் வழியாகப் பாடாங் மேஹா, எங்கள் பழைய தோட்டம் இருக்கும் இடம். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் போக வேண்டாம். ரப்பர் போய் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. நட்ட நடுப்பகல் 12:40. உள்ளே மட்டும் ஓலை மறைத்து மாலை மாதிரி இருட்டு. எந்த வரிசையைப் பார்த்தாலும் ஒரே மாதிரி. ஒரு நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாயைத் தாண்டினோம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு நீலப் பீப்பாய். மூன்றாவது முறை வந்ததும் காதர் காடியை நிறுத்தினார். பறவைச் சத்தம்கூட இல்லை. கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்து ஸலாம் சொன்னார்.

"யாருக்கு ஸலாம் சொல்றீங்க?"

"இருக்கிறவங்களுக்கு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுத்த திருப்பத்திலேயே இடுகாடு வந்துவிட்டது. இதற்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை, நடந்ததை எழுதுகிறேன்.

அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். யார் கல்லறை எது என்று தெரியாத காடு. நடுவில் இரண்டே இரண்டு மேடு மட்டும் சுத்தமாக இருந்தன. ஒன்று அப்பா. இன்னொன்று எங்கள் வாழைத்தண்டு. இரண்டின் மேலும் பொடிப்பொடியாக நறுக்கிய பண்டான் இலை காய்ந்து கிடந்தது. பண்டான் இலையும் பூவும் தண்ணீரும் தூவுவது மலாய்க்காரர்கள் நோன்புக்கு முன்னால் கல்லறைக்குப் போய்ச் செய்வது. எங்கள் தோட்டத்துக்காரர் யாரும் செய்யமாட்டார்கள். என் அண்ணன் இறந்த அன்று நான் முதலில் போய் நின்றது அவன் கல்லறையில்தான். அதை யாரோ பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். போகலாம் என்றேன்.

கோலா கெத்தில் அங்கிருந்து 19 கிலோமீட்டர். டவுனில் ஒரு கடையில் தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் குடித்தோம், இரண்டுக்கும் சேர்த்து 3 வெள்ளி. சாப்பாடு வேண்டாம் என்றேன். அண்ணனின் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு 2:35க்குப் போய்ச் சேர்ந்தோம்.

படி ஏறியதும் என்னை நிறுத்தியது வாசனை. கற்பூரமும் சந்தனமும். ஒரு கணம் கோயிலுக்குள் நுழைந்துவிட்டேனோ என்று நினைத்தேன். உடலைக் கழுவி முடித்து, அதைச் சுற்றும் கஃபன் துணியில் கற்பூரம் தூவுவார்கள் என்று காதர் காதோடு சொன்னார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணி என்னை ஏறிட்டுப் பார்த்ததும் கையிலிருந்த தஸ்பீஹ் ஜெபமணி மாலையைக் கீழே போட்டுவிட்டார். "ஒரே முகம்" என்றார் மலாயில். நாங்கள் இருவரும் அதற்கு முன் பார்த்துக்கொண்டதில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையில் ஒரு துணியைப் போட்டுவிட்டார்.

பண்டான் இலையை யார் போட்டது என்று ஹாஃபிஸிடம் கேட்டேன்.

"ஆயாதான்" என்றான். ஆயா என்றால் மலாயில் அப்பா. "போன சனிக்கிழமை. ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முன்னாடி போவார். எங்களைக் காடியிலேயே இருக்கச் சொல்லிவிடுவார். ஒன்று தாத்தா என்று சொன்னார். பக்கத்திலிருப்பது யார் என்று கேட்டால் சிரிப்பார்."

நாற்பத்தெட்டு வருடமாகத் தன் கல்லறைக்குத் தானே புல் பிடுங்கியிருக்கிறான் பாவி.

இமாம் வந்தார். மெலிந்த மனிதர், சின்னக் குரல். ஹாஃபிஸ் ஒரு காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமாம் கவனித்திருக்க வேண்டும். "வற்புறுத்தல் இல்லை அக்கா. பேர் இல்லையென்றால் ஹவ்வாவின் மகன் என்று கூப்பிடுவேன். எல்லாருக்கும் அவர்தானே தாய்" என்றார். நல்ல வழியாகத்தான் தோன்றியது. சத்தியமும் பிழைக்கும், யாருக்கும் குறையும் இல்லை. சரி என்று தலையாட்டப் போனேன். அதற்குள், உறவுக்காரர்கள் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று துணியை விலக்கினார்கள்.

தலையைச் சுற்றி, தாடைக்குக் கீழே வரை வெள்ளைத்துணி. முடி தெரியவில்லை, காது தெரியவில்லை, முகம் மட்டும். அண்ணனைத் தேடினேன். அங்கே அம்மா படுத்திருந்தாள். வெள்ளைச் சேலை முக்காட்டோடு ஈப்போ வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எப்படியிருந்தாளோ அப்படியே, இடது புருவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு. சொல்லக்கூடாது என்றவளே வந்து படுத்திருக்கும்போது நான் யாரிடம் மறைப்பது? எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பயத்தில் சொல்லவில்லை.

"பாக்கியம்" என்றேன். ஹாஃபிஸ் எழுதிக்கொண்டான். உச்சரிப்பு சரியா என்று இரண்டு முறை சொல்லிக் காட்டச் சொன்னான்.

போகிறவர்களுக்கான தகவல்களை இங்கேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத எனக்குத் தெம்பு இருக்காது. என் மொத்தச் செலவு, திரும்பும் ரயிலையும் சேர்த்து, 267 வெள்ளி. தோட்டப் பாதைகளில் தொலைபேசி வழிகாட்டியை நம்பாதீர்கள். பகலிலேயே போங்கள், வழி தெரிந்த ஓட்டுநரோடு போங்கள். முஸ்லிம் அடக்கத்துக்கு வேற்று மதத்தவர் போகலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கைகால் மூடிய உடுப்பு, பெண்களுக்குத் தலையில் ஒரு துணி. மாலை, ஊதுபத்தி வேண்டாம். கல்லறைகளை மிதிக்காதீர்கள், மேலே உட்காராதீர்கள். பெண்கள் சற்றுத் தள்ளி நிற்பது இங்கே வழக்கம். அப்புறம் ஒன்று. இப்படி யாராவது தாயின் பெயர் கேட்டால் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். என்னைப் போல எட்டு மணி நேரம் காக்க வைக்காதீர்கள்.

அஸர் பாங்கு 4:50க்கு. 5:30க்குக் கம்பத்து இடுகாட்டில் மண் தள்ளி முடித்தார்கள். நான் வேலியோரம், கம்போஜா மரத்தடியில் அண்ணியோடு நின்றேன். ஆண்கள் விலகி உட்கார்ந்தார்கள். இமாம் மட்டும் பாய் விரித்துத் தலைமாட்டில் உட்கார்ந்தார். காற்றே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் பேசுவது போல அந்தச் சின்னக் குரலில் மண்ணைப் பார்த்து மலாயில் சொன்னார்.

"இஸ்மாயிலே, பாக்கியத்தின் மகனே."

அம்மா செத்து ஒன்பது வருடத்தில் அவள் பெயரை யாரும் இவ்வளவு மரியாதையாக உச்சரித்ததில்லை. இமாம் தொடர்ந்தார். இரண்டு வானவர் வருவார்கள், பயப்படாதே, அவர்களும் உன்னைப் போல் படைக்கப்பட்டவர்கள்தான். உன் இறைவன் யார் என்று கேட்பார்கள். உன் நபி யார், உன் மார்க்கம் எது, நீ முகம் திருப்பும் திசை எது. ஒவ்வொன்றுக்கும் பதிலைச் சொல்லி, கேட்பவன் மனதில் ஏறட்டும் என்பதுபோல் சற்று நிறுத்தினார். அந்த இடைவெளியில் எல்லாரும் மண்ணையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

உன் உடன்பிறந்தவர்கள் யார் என்று கேட்பார்கள், என்றார் இமாம். முஸ்லிமான ஆண்களும் பெண்களும் என் உடன்பிறந்தவர்கள் என்று சொல், தெளிவாகச் சொல், தயங்காமல் சொல்.

அண்ணி என் கையை இறுக்கினார். எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன், வலித்தது. கூடப் பிறந்தவள் இருபதடி தள்ளி நிற்கிறேன். ஆனால் மணி அண்ணனை எனக்குத் தெரியும். அசடு. கேட்டால் சரோ என்று முதலில் என் பெயரைத்தான் சொல்லுவான்.

ஓதி முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். இனிதான் அந்த வானவர்கள் வருவார்கள் என்றார் காதர்.

"நாம நடந்து போற செருப்புச் சத்தம் மையத்துக்குக் கேக்கும் அக்கா. அது ஓஞ்சதும் கேள்வி ஆரம்பிக்கும்."

அண்ணே, அவர் சொல்லிக் கொடுத்ததையே சொல்லிடு, என்னைச் சொல்லி வைக்காதே என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு, நான் போவது கேட்டு அவன் கவனம் சிதறக் கூடாது என்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காடி வரை வெறுங்காலோடு நடந்தேன்.