கப்பித்தான் போகிறார்

குயா கிரிசாந்தோவின் செல்பேசி பேசுவதை முதல் தடவை கேட்டபோது, அது பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தகர டப்பாவில் கடுகைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். அவர் அதைக் காதோரம் வைத்துக்கொண்டு, ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். சத்தம் நின்றதும், "மத்தியானம் மழையாம். நாகா போற பஸ்சு தாமதமாம். என் தங்கச்சிக்கு மறுபடியும் பல்லு வலியாம்," என்றார்.

"இதெல்லாம் அதுவா சொல்லிச்சு?"

"பின்ன? உனக்குக் கேக்கலயா, ஈஹா?"

எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எங்கள் பிலிப்பைன்ஸில் வயதில் மூத்தவர்கள் குயா, ஆத்தே, அதாவது அண்ணன், அக்கா; சின்னப் பெண் என்றால் ஈஹா, மகள்.

அவருடைய மனைவி ஆத்தே பெர்லா மாடியறையில் கட்டில்கள் போட்டு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அதில் ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. சமார் தீவிலிருந்து பட்டத்தோடு மணிலாவில் வந்து இறங்கியவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். என் வேலை என்ன என்று அப்பா கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டர் வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் எனக்கே களைப்பாக இருக்கும்.

குயா கிரிசாந்தோவுக்கு மஸ்பாத்தேயில் சிறுவயதில் அம்மை போட்டுக் கண் போனது. மணிலாவில் பார்வையற்றோர் பள்ளி, பிறகு மசாஜ் பயிற்சி, பிறகு குபாவோ பேருந்து நிலையம். அங்கே பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் ஓரமாக வரிசையாய்ச் சில நாற்காலிகள். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மூட்டை சுமந்து தோள் பிடித்துக்கொண்டவர்கள் வந்து உட்காருவார்கள். பின்னால் நின்று பிடித்துவிடுகிறவர்கள் யாருக்கும் பார்வை கிடையாது.

முன்பு அங்கே பார்வையுள்ள ஒரு பெண்ணை நிலையத்து மேலாளர் சார் வில்லாலுஸ் உட்காரவைத்திருந்தார். யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்று அவள்தான் பிரிப்பாள். "எங்களுக்குக் கண்ணுதான் இல்ல, காது இருக்குன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் புரியவே இல்ல. கத்திக் கத்திப் பேசுவா. புடிச்சவங்களுக்கு நல்ல ஆளு, புடிக்காதவங்களுக்குக் குடிச்சிட்டு வர்றவன்," என்று குயா சொல்வார். எல்லோரும் சேர்ந்து சண்டை போட்டு அவளை அனுப்பினார்கள். முன்பதிவுச் செய்திகளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று குயா ஏற்றுக்கொண்டார். ஒழுங்காக நடந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி ஒரு பெண்ணைப் போடுவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த வரிசையை நடத்தியது குயாவின் காதுதான். மூன்று பேர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினாலும், ஒரு மூச்சில் கேட்டுவிட்டு, "மாங் பான்யோங், உங்களுக்குத் தோளு. ரெண்டாவது நாற்காலிக்கு முதுகு, பஸ்சு நாலு மணிக்கு," என்று பிடித்துவிடுகிறவர்களுக்குப் பிரித்துவிடுவார்.

அந்தக் கடுகுச் சத்தம், திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்ல ஸ்பானிஷ் மொழிக்காகச் செய்யப்பட்ட இயந்திரக் குரல். அவர்கள் கைக்குச் செல்பேசி வந்த காலத்தில் எங்கள் தகாலோக் மொழி பேசும் குரல் எதுவும் கிடையாது. எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒத்துவருகிறது என்று ஸ்பானிஷ் குரலை வைத்தே தகாலோக்கைப் படிக்கவைத்தார்கள். மூக்கடைத்த ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிப்பது போல இருந்ததால் ஊர்த் தலைவரின் பதவிப் பெயரான 'கப்பித்தான்' என்பதையே அதற்கும் வைத்தார்கள். காது பழகப் பழக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கூட்டியவர்களில் குயாவை எட்டியவர் யாரும் இல்லை.

இனி என் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு செல்பேசி நிறுவனத்தின் பயனர் மன்றத்தில் வரும் பதிவுகளைப் படித்துப் பிரிப்பது. புதிய அப்டேட் வரப்போகிறது என்றால், வருவதற்குப் பல வாரம் முன்பே மக்களின் ஆசைகளும் புலம்பல்களும் குவிய ஆரம்பித்துவிடும். பேட்டரி நிற்க வேண்டும். அலாரம் பொத்தானை இடம் மாற்றாதே. போன தடவை மாற்றிய எழுத்தைத் திருப்பிக் கொடு. என் பூனைப் படம் எங்கே? ஒவ்வொன்றையும் பிழை, ஆசை, பாராட்டு, கேள்வி என்று ஏதாவது ஒரு பெட்டியில் போட வேண்டும். போன வருடமும் இதே சொற்கள், அதற்கு முந்தின வருடமும் இதே சொற்கள். பெட்டியில் போட்டபின் அவை எங்கே போகின்றன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நான்கு வருடம் படித்தது பிறருடைய பெருமூச்சை அடுக்கிவைக்கத்தானா என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோன்றும். சாப்பிட்டதும் மறந்துபோகும்.

இந்தத் தடவை அறிவிப்பிலேயே பெரிய செய்தி, பிலிப்பினோ குரல், அதாவது தகாலோக். இயந்திரம் போல இல்லாமல் மனிதர் பேசுவது போலவே பேசும். வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு நல்ல செய்தி கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "குயா, இனிமே உங்க போன் நம்ம மொழியில பேசும். நெஜப் பொம்பளக் குரல்."

"ஏற்கெனவே வீட்டுல ஒண்ணு பேசிட்டுத்தானே இருக்கு?"

"மீன் முள்ளு எடுத்து வெக்கிற கை என்னோடதுங்கறத மறந்துட்டுப் பேசறாரு பாரு," என்றார் ஆத்தே பெர்லா.

குயா சிரித்தார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப கப்பித்தான்?"

நான் அறிவிப்பை மறுபடி திறந்து, கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பழைய குரல்கள் புதிய பதிப்பில் நீக்கப்படும்.

"மாதிரி ஏதாவது போட்டிருக்கானா?"

இருந்தது. போட்டேன். வங்கியில் போன் எடுக்கும் பெண்ணைப் போல அழகான குரல். எனக்குப் பிடித்திருந்தது. வேகத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றார். இரண்டு மடங்கைத் தாண்டியதும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"குழைஞ்சு போச்சு," என்றார் குயா. "கப்பித்தான் உதிரி உதிரியாச் சோறு. இது கஞ்சி. நல்லாத்தான் இருக்கும், உடம்பு முடியாதப்ப. அவசரத்துல கையால அள்ள முடியுமா?"

"பழகினா வராதா?"

"வரும். நான் பழகற வரைக்கும் சார் வில்லாலுஸ் சும்மா இருப்பாரா? அவர் மச்சான் பொண்ணு ஒருத்தி வேல தேடிட்டு இருக்காளாம். அந்தப் புதுக் குரலம்மா மேல நாற்காலி போட்டு ஒக்காரட்டும், எனக்கென்ன? கப்பித்தானையும் ஒரு ஓரமா விட்டு வெக்கச் சொல்லு, ஈஹா. நீ அங்கதானே வேல செய்யற."

அங்கே வேலை செய்வதற்கும் அங்கே சொல்வதற்கும் உள்ள தூரத்தை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. அவர் சொன்னதை எழுதிப் பதிவாகப் போட்டேன், மாதிரிக் குரலை வரிசையில் எல்லோருக்கும் அனுப்பினேன். அடுத்த நாள் என் மேற்பார்வையாளர் மிஸ் ஜோசெட்டிடம் கேட்டேன்.

"பழசு வேணும்கறது பிழையா, ஆசையா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"ரெண்டும் இல்ல மிஸ். இருக்கறத எடுக்காதீங்கன்னு கேக்கறாங்க."

"அப்படி ஒரு பெட்டி இல்லையேம்மா. ஆசையில போடு. ஓட்டு விழுந்தா மேல போகும்."

ஓட்டுப் போடும் பொத்தானுக்குப் பெயர் எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பார்வையற்றவர்கள் தொட்டால் குரல் வெறுமனே "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றது. அதனால் என் விடுமுறை நாளில் பேருந்து நிலையத்துக்குப் போய், நாற்காலி நாற்காலியாக நின்று, ஒவ்வொருவர் விரலையும் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன்.

"ஊர்த் தேர்தல்ல ஓட்டுப் போட்டா பொட்டலச் சாப்பாடு தருவாங்க," என்றார் மாங் பான்யோங். அந்த வரிசையிலேயே வயதானவர் அவர்தான். "நீ என்ன தர்ற?"

"கப்பித்தானத் தர்றேன்."

"அந்தக் கிழவன வெச்சு என்ன பண்றது? பொட்டலமே குடு."

கடைசி நாற்காலியில் அனலின். இருபத்திரண்டு வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நரம்பு நோயில் பார்வை போய், இரண்டு வருடமாகத்தான் இங்கே இருக்கிறாள். அவள் செல்பேசியை நீட்டவில்லை.

"நான் போடல, ஆத்தே லீசெல்."

"ஏன்?"

"எனக்கு அந்தப் புதுக் குரல் வேணும். நீங்க அனுப்பின மாதிரிய தெனம் பஸ்சுல போட்டுப் போட்டுக் கேக்கறேன். எங்கம்மா மெசேஜ் அனுப்பினா இந்தக் கப்பித்தான் ஏலம் போடற மாதிரி படிக்கறாரு. அதக் கேட்டா அம்மா எழுதினதுன்னே தோண மாட்டேங்குது."

மூன்றாவது நாற்காலியிலிருந்து குயாவின் குரல் வந்தது. "புரியலன்னா வேகத்தக் கொறச்சுக்கிறது."

"கொறச்சாலும் அது அன்னிய ஆளுதான், குயா. நீங்க சின்னதுல இருந்து காதாலயே வாழ்ந்தவரு. நான் அப்படி இல்ல."

வரிசையில் கைகள் எல்லாம் ஒரு கணம் நின்றன. முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்த நடத்துநர் ஒருவர் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தார்.

"அவ ஓட்டு அவளுது. விடு," என்றார் குயா. அன்று முழுவதும் அவர் அவளிடம் வேறெதுவும் பேசவில்லை. முறையை மட்டும் தப்பாமல் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஜீப்னி வண்டியில் நின்றுகொண்டே வந்தேன். குயாவுக்காகப் பேசுகிறேன் என்று கிளம்பியவள், பார்வையற்றவர்கள் எல்லோருக்காகவும் பேசுவதாக எப்போது நினைக்க ஆரம்பித்தேன்? பதிவில் 'நாங்கள்' என்று எழுதியிருந்தேன். அந்த 'நாங்களில்' நானும் இல்லை, அனலினும் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் திருத்தினேன்.

திருத்தியும் பயனில்லை. ஒரு வாரத்தில் எங்கள் பதிவை 'பிலிப்பினோ குரலுக்கு நன்றி' என்ற பெரிய பதிவோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஓட்டுகள் எல்லாம் நன்றிக் கணக்கில் போய் விழுந்தன. "ரெண்டும் குரல் பத்தினதுதானே?" என்றார் மிஸ் ஜோசெட். அவருக்கும் அன்று தலைவலி.

குயாவிடம் சொன்னேன்.

"அப்ப நாங்க எல்லாரும் நன்றி சொல்லிட்டமா?"

"ஆமா, குயா."

"போகட்டும். மரியாத தெரிஞ்சவங்கன்னு நெனச்சுப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அப்டேட் வந்தது. 'பிறகு' என்று தள்ளினார். மறுநாளும் தள்ளினார். இப்படியே காலம் தள்ளிவிடலாம் என்று அவர் நம்பியிருந்தபோது, நிலையத்துக்குப் புதிய முன்பதிவுச் செயலி வந்தது. இனி எல்லா முன்பதிவும் அதில்தான் என்றார் சார் வில்லாலுஸ். பழைய பதிப்பில் அது திறக்கவே இல்லை.

கூட்டம் குறைந்த ஒரு மத்தியானத்தில் குயா அதைச் செய்தார். எனக்கு மாலை ஷிப்டு, அதனால் கூட இருந்தேன். பொத்தானை அழுத்தியதும் கப்பித்தான் ஏதோ கடகடவென்று சொன்னார். பிறகு செல்பேசி அடங்கியது.

பார்க்கிறவர்களுக்குத் திரையில் ஏதாவது சுற்றிக்கொண்டிருக்கும். இவர்களுக்கு ஒன்றுமே இல்லை. எல்லோரும் நாற்காலியை விட்டு வந்து அந்தச் செல்பேசியைச் சுற்றி நின்றார்கள்.

"செத்துடுச்சா?" என்றார் மாங் பான்யோங்.

"இல்ல, ஒரு வட்டம் சுத்துது."

"எவ்வளவு ஆச்சு?"

"நாப்பது."

"இப்ப?"

"நாப்பதுதான்."

"இத நடத்தறதும் அரசாங்கந்தான் போல."

லெகாஸ்பி பேருந்துக்கு ஆள் கூப்பிடுகிறவன் கத்திக்கொண்டே போனான். குயா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் செல்பேசி அதிர்ந்தது. "மகந்தாங் ஹபோன் போ," என்று நிதானமாக, பணிவாக மதிய வணக்கம் சொன்னது புதுக் குரல்.

"இவ வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்சு பாகியோ போயிடும்," என்றார் மாங் பான்யோங். சிரித்தார்கள். குயா சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார்.

முதல் முன்பதிவு வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பாதியில் இன்னொன்று வர, குரல் முதலில் இருந்து ஆரம்பித்தது. மூன்றாவதும் வந்தது. "திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு," என்று திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். காதோரம் வியர்வை வழிந்தது. நடத்துநர் ஒருவர் வந்து நின்றார். "குயா, நான் அப்பவே அனுப்பினேனே, யாரும் கூப்பிடவே இல்ல?" என்றார்.

"இருங்க தம்பி, இதோ."

இதோ என்றாரே தவிர, யாரிடம் அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அலுவலக அறையிலிருந்து சார் வில்லாலுஸ் வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன கிரிசாந்தோ, சிரமமா இருக்கா? பொண்ண நாளைக்கே வரச் சொல்லட்டுமா?" என்றார். கெட்ட மனதோடு கேட்டது போலத் தெரியவில்லை.

"வேண்டாம், சார்."

"ஆளு நின்னுட்டு இருக்காரே."

குயா கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினார். பிறகு, "அனலின், இங்க வா," என்றார்.

அவள் வந்தாள். செல்பேசியை அவள் காதில் வைத்தார். எனக்கும் அவருக்கும் குழைந்து கேட்ட அந்த வேகத்தில் அவள் கேட்டாள். முகம் மாறவே இல்லை.

"என்ன சொல்றா?"

"நாகா வண்டி நடத்துநர், தோளு. லெகாஸ்பி போறவர் ஒருத்தர், முதுகு, பஸ்சு மூணு மணிக்கு. தாயேத் போற அம்மா, காலு மட்டும், பொம்பள ஆளுதான் வேணுமாம்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணும் வந்திருக்கு, குயா. ஒரு டிரைவரு, கழுத்துப் பிடிப்பு."

"நல்லாக் கேக்குதா?"

"கேக்குது, குயா."

செல்பேசிப் பை தொங்கும் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினார். சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது. ஆத்தே பெர்லா வீட்டில் செய்வது போல நான் எடுத்துவிடப் போனேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார். தானே எடுத்து, அவள் தலையைத் தடவிப் பார்த்து, கழுத்தில் மாட்டினார்.

"பொண்ணு ஏற்கெனவே இருக்கா, சார்," என்றார் மேலாளர் இருந்த பக்கம் பார்த்து.

சார் வில்லாலுஸ் அனலினையும் காத்திருந்த நடத்துநரையும் பார்த்தார். "சரி, ஓடட்டும். பாக்கலாம்," என்று உள்ளே போனார்.

குயா சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து, அனலினுடைய கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கிளம்ப முடியவில்லை. அனலின் முதலில் மெல்லிய குரலில்தான் பெயர்களைச் சொன்னாள். மாங் பான்யோங் "கேக்கல!" என்று அதட்டினார். அதற்குப் பிறகு குரலை உயர்த்தினாள். அவர் எழுந்து போனார். இன்னொருவர் போனார். தாயேத் போகும் அந்த அம்மாவுக்குத் தானே கால் பிடித்துவிட, தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"குயா கிரிசாந்தோ, ரெண்டாம் நாற்காலி. கழுத்து."

அந்த வரிசையில் அவர் பெயரை இன்னொருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் உடனே எழவில்லை. பிறகு எழுந்து, துண்டில் கையைத் துடைத்து, இரண்டாம் நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தார்.

"எந்தப் பக்கம் வலிக்குது?" என்று டிரைவரிடம் கேட்டார்.