இராசநாயகத்தின் பதினேழு பெட்டிகள்

பேய் என்றால் நடுச்சாமத்தில், நாய் ஊளையிட, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வரும் என்று நம்புகிறவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம். எனக்கு நடந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். மூன்று மணி இருபத்தாறு நிமிடம். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்ல எனக்கு வராது. ஒன்பது வருடமாகப் பழைய கடதாசிகளுக்கு இலக்கம் போடுவதுதான் என் வேலை.

என் பெயர் பத்மாசினி. உடுவிலிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். வேலை செய்யும் இடம் 'அமரர் இராசநாயகம் ஞாபகார்த்தப் பிராந்திய ஆவணக் காப்பகம்'. பெயரை வாசித்து முடிப்பதற்குள் பஸ் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். பெயர் பொறித்த பளிங்குக் கல் கப்பலில் வந்தது. கூரை உள்ளூர்ச் சாமான். மழை பெய்தால் பிறப்புப் பதிவேடுகளுக்கு நடுவில் வாளி வைக்கிறோம்.

இராசநாயகம் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபது வருடம் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர். அத்திவாரக் கல் நாட்டுவதில் கெட்டிக்காரர். அவர் கல் நாட்டிய இடங்களில் பாதிக்கு மேல் இன்றைக்கும் கல் மட்டும்தான் நிற்கிறது. எண்பத்தொன்பது வயதில், நித்திரையில், நோகாமல் செத்தார். மேடையில் மாலையைத் தவிர வேறெதையும் கையால் தொட்டுப் பார்த்த மனிதரல்ல. அவருடைய பெயரில் ஆவணக் காப்பகம்!

போன கார்த்திகையில் அவருடைய மகன்மார் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைத் துப்புரவாக்கினார்கள். எழுதுமேசையையும் கதிரையையும் பதினேழு பெட்டிகளையும் எங்களிடம் தள்ளிவிட்டார்கள். அதை வைத்து ஒரு ஞாபகார்த்த அறை. திங்கட்கிழமை அமைச்சர் வந்து திறப்பதாக ஏற்பாடு. அதனால்தான் சனிக்கிழமையும் நான் வேலைக்குப் போனேன். கூட்டித் துடைக்கும் சுகிர்தம் அக்கா ஒரு மணிக்கே போய்விட்டார். முன்கதவை உள்ளே பூட்டித் திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதல் மூன்று பெட்டிகளிலும் படங்கள். மாலையோடு இராசநாயகம். பெரிய மாலையோடு இராசநாயகம். மற்றப் பதினான்கு பெட்டிகளிலும் கடிதங்கள். சனங்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள். கோணல் எழுத்துகள், ஒட்டுப்போட்ட உறைகள். ஒன்றுகூட உடைக்கப்படவில்லை.

இரண்டு ஐம்பதுக்குப் பணிப்பாளர் நடராசாவுக்கு அழைப்பெடுத்தேன்.

"சேர், பெட்டியளுக்கை முழுக்கச் சனத்தின்ரை கடிதங்கள். அவர் ஒண்டையும் உடைச்சே பாக்கேல்லை."

"உடைக்கேல்லையோ? அப்ப வேலை சுகம். பின்வளவிலை போட்டுக் கொளுத்திவிடும்."

"சேர்?"

"பிள்ளை, திங்கக்கிழமை அமைச்சர் வாறார். உந்தக் குப்பையை ஆர் பாக்கிறது? படங்களை மட்டும் சுவரிலை கொழுவும்."

ஓம் என்றுதான் சொன்னேன். அதை மறைக்கவில்லை. இராசநாயகத்தையும் நடராசாவையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒரு பெட்டியைப் பின்கதவு வரை இழுத்தும் போனேன். அப்போதுதான் மழை அடித்து ஊற்றத் தொடங்கியது. கொளுத்த முடியாது. பெட்டியைத் திரும்ப ஞாபகார்த்த அறைக்குள் வைத்துவிட்டு வெளிக் கூடத்தில் வந்திருந்து படங்களைத் துடைத்தேன்.

மூன்று இருபத்தாறுக்கு மின்சாரம் நின்றது.

மின்விசிறி ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்...

ஞாபகார்த்த அறைக்குள்ளிருந்து. கடதாசி கிழியும் சத்தம்.

எலி என்று நினைத்தேன். ஆனால் எலி அவசரமாகக் கொறிக்கும். இது ஆறுதலாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரே சீராகக் கிழிந்தது. பிறகு அமைதி. ஒரு கடிதத்தை வாசித்து முடிக்கும் அளவு அமைதி.

சர்ர்ர்...

கைத்தொலைபேசி வெளிச்சத்தோடு போய்ப் பார்த்தேன். அந்த அறைக்கு ஒரே வாசல். யன்னலுக்கு இரும்புக் கம்பி. உள்ளே யாரும் இல்லை. இராசநாயகத்தின் மேசையில் இரண்டு கடிதங்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. மடிப்பெல்லாம் உள்ளங்கையால் நீவிவிட்டதுபோல் நேராக இருந்தது. பக்கத்தில் கிழிந்த இரண்டு உறைகள்.

நான் அந்த மேசையில் எதையும் வைக்கவில்லை.

கதிரையின் இருக்கையைத் தொட்டேன். சூடாக இருந்தது.

வெளிக் கூடத்துக்கு வந்து இருந்தேன். ஏன் அப்போதே ஓடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், பயத்தைவிட ஆத்திரம்தான் கூட. மூன்று நாற்பத்தொன்றுக்கு ஒரு சத்தம். மூன்று நாற்பத்தொன்பதுக்கு ஒன்று. நாலு மணிக்கு இன்னொன்று. சில கடிதங்களுக்கு நேரம் கூட எடுத்தது. ஒருவேளை நீளமான கடிதங்களாக இருக்கலாம்.

நாலு இருபதுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் போய் நின்றேன். உள்ளே இருட்டு.

"ஐயாவுக்கு இப்பதானோ நேரம் கிடைச்சது?" என்று கேட்டேன்.

சத்தம் நின்றது.

மழையும் நின்றதுபோல் இருந்தது. நிற்கவில்லை. கூரையில் பெய்துகொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

கதிரை பின்னால் இழுபட்டது.

க்ம்... க்ம்...

தொண்டையைச் செருமும் சத்தம். பேசத் தொடங்குமுன் மேடையில் அவர் செருமுவதைச் சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்!

கதவை இழுத்துச் சாத்தினேன். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

மறுபக்கம் காலடி.

ஒன்று... இரண்டு... மூன்று...

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

கைப்பிடி அசையவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கதவின் கீழ் இடுக்கால் ஒரு கடதாசி வந்தது.

மெல்ல...

என் காலில் முட்டும்வரை.

குனிந்து எடுத்தேன். கொப்பியில் கிழித்த தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசி மாதம் எழுதியது.

'மதிப்புக்குரிய ஐயா, நாங்கள் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பருத்தித்துறை முகாமில் இருக்கிறோம். என் மகள் ஜெனிற்றாவுக்கு ஒன்பது வயது. இருதயத்தில் ஓட்டை. கொழும்புக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள் என்று டொக்டர் சொல்கிறார். வருகிற மாதம் நோயாளரை ஏற்றக் கப்பல் வருகிறது. உங்கள் கையெழுத்தோடு ஒரு கடதாசித் துண்டு இருந்தால் இடம் தருவார்களாம். நாலு தரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். காண விடவில்லை. ஒரு கையெழுத்து மட்டும் போதும் ஐயா. இப்படிக்கு, யோசப்பின்.'

அதன் கீழே பச்சை மையில் ஒரு வரி.

'உடன் கவனிக்கவும்.'

பெருவிரலைப் பார்த்தேன்.

மை பிரண்டிருந்தது.

ஈரம்...

நாலு முப்பத்தெட்டுக்கு முன்கதவைத் திறந்து ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குப் போய் ஈர உடுப்பை மாற்றிய பிறகுதான் அந்த வரியை ஆறுதலாக நினைத்துப் பார்த்தேன். உடன் கவனிக்கவும்! செத்த பிறகும் வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டுகிற மனிதர்.

திங்கட்கிழமை விடிய ஏழு மணிக்குச் சுகிர்தம் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் பத்துக் கடிதங்கள் வரிசையாக இருந்தன. என்னிடம் இருந்தது பதினோராவது. எல்லாவற்றிலும் அதே பச்சை வரி. நான் பதினான்கு பெட்டிகளையும் பதிவேட்டில் ஏற்றி இலக்கம் போட்டேன். இலக்கம் போட்ட ஆவணத்தைக் கொளுத்துவது குற்றம். அது பணிப்பாளருக்கும் தெரியும்.

"ஆரைக் கேட்டு இலக்கம் போட்டனீர்?" என்று நடராசா துள்ளினார்.

"ஆரைக் கேட்டுக் கொளுத்தச் சொன்னனீங்கள், சேர்?" என்றேன்.

அமைச்சர் வந்தார். நாடா வெட்டினார். அமரர் இராசநாயகம் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்தவர் என்றார். வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு மட்டும் அந்தக் கடிதத்தை எழுதிய தாய் யோசப்பினை விட முடியவில்லை. முகாம் இப்போது இல்லை. பங்குத் தந்தை ஒருவர் விசாரித்து, அவர் மயிலிட்டிக்கே திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை காலை அங்கே போனேன். துறைமுகத்துக்குப் பின்னால் சின்னக் கல்வீடு. எழுபது வயது இருக்கும். முற்றத்தில் பலகை போட்டிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். கை நீட்டவில்லை.

"நான் எழுதினது எனக்குத் தெரியும்தானே. பிறகேன் நான் வாசிக்கோணும்?"

"பிள்ளை...?" என்று இழுத்தேன்.

"கப்பல் வந்தது. போனது. பிள்ளை அந்த மார்கழியிலை, நத்தாருக்கு முதல் கிழமை, செத்துப்போயிட்டாள்."

செதில் பறந்து என் சட்டையில் ஒட்டியது.

"அம்மா, உங்கடை கடிதத்தை அவர் உடைச்சே பாக்கேல்லை. போன சனிக்கிழமைதான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். சனிக்கிழமைதான் வந்தவர்."

கத்தி நிற்கவில்லை.

"ஆர் வந்தது?"

"உங்கடை இராசநாயகம்தான். ஒரு அஞ்சு மணி இருக்கும். நல்ல மழை. வெள்ளை வேட்டி. ஒரு துளி நனைஞ்சிருக்கேல்லை. அவரின்ரை கேற்றிலை நாலு தரம் நிண்டனான் பிள்ளை, அந்த முகத்தை எனக்குத் தெரியாதோ?"

"நீங்கள் பயப்பிடேல்லையோ?"

"உவருக்கோ?" என்று காறி மண்ணில் துப்பினார். "நான் எழும்பவும் இல்லை. உள்ளுக்கை வாங்கோ எண்டு சொல்லவும் இல்லை. படலைக்கு அங்காலை மழைக்கை நிக்க விட்டிட்டன்."

"ஏதும் கதைச்சவரோ?"

வெட்டிய மீனைச் சட்டிக்குள் போட்டார். கையைக் கழுவினார். முதன்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கையிலை ஒரு கடதாசித் துண்டை வைச்சு நீட்டிக்கொண்டு ஒண்டே ஒண்டுதான் கேட்டவர்..."

"என்னவாம்?"

"'கப்பல் வந்திட்டுது. பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ?' எண்டு."