ஊர் மேயும் கண்

நான் கரும்பு வெட்டுகிறவன். கண் கத்தியை விட்டுப் போனால் வெட்டு காலில் இறங்கும். அப்படியே பழகிப்போச்சு. என் வீட்டுக்காரி வேறு மாதிரி. களை பிடுங்கிக்கொண்டே ரோட்டில் போகிற எல்லோரையும் பார்த்துவிடுவாள். யார் வீட்டுக்கு விருந்தாளி, யாருடைய ஆடு சினை, எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் பிரஷர் என்றார். ஓரப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஒரு மிஷின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

"நடு வெளக்கையே பாருங்கம்மா. ஓரத்துல வெளிச்சம் வந்தா பட்டன அமுக்குங்க. கண்ணத் திருப்பாதீங்க," என்றது அங்கே வேலை செய்த பெண்.

இவள் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் திரும்பினாள். மூன்று தடவையும் டெஸ்ட் சரியாக வரவில்லை.

"வந்தத வான்னு கேக்காம எப்படிம்மா குந்திக்கினு இருக்கிறது?" என்று சிரித்தாள்.

எனக்கு எரிச்சல். "ஊரு மேயற கண்ணும்மா இவளுது. ஒரு எடத்துல நிக்காது," என்றேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

சொட்டு மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

"நான் வரல. மேயற கண்ண எதுக்குக் கட்டி வெக்கப் பாக்கிற? உடு," என்றாள்.

மருந்து தீர்ந்தது. மறுபடி வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தரையைப் பார்த்தே நடந்தாள். வீட்டில் ஊர்ச் சேதி இல்லை. அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், எதிரில் வைத்த சோற்றுத் தட்டைக் கையால் தடவித் தேடினாள். கூட்டிக்கொண்டு ஓடினேன். போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர்.

போன மாதம் மலைமேல் கரியாலூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன்.

"யாரு ஏறனது?"

"யாரோ பொம்பள."

"இன்னா கலரு பொடவ?"

நான் பார்க்கவில்லை.

"வெளிய இன்னாயா தெரியுது?"

"மலை."

"மலைன்னு எனக்குத் தெரியாதா? மலையில இன்னா?"

எட்டிப் பார்த்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது. பதிலுக்குக் காத்திருந்தாள்.