அத்தையின் தோளும் மாமாவின் டீயும்

போன வியாழக்கிழமை மதுரைக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். நோயாளி ஒரே ஒருவர். துணைக்கு ஒரு வேன் ஆள். எங்கள் பக்கம் ஆபரேஷன் என்றாலே அப்படித்தான்.

நோயாளி என் அத்தை. பந்தல்குடியில் ஆடு வளர்க்கிறார். ஆட்டுத் தீனிக்காகத் துரட்டிக் கம்பைத் தூக்கி வேப்பங்குழை ஒடித்தே வலது தோள் போய்விட்டது. இப்போது பஸ்ஸுக்குக் கை காட்டக்கூட முடியவில்லை... பஸ் அது பாட்டுக்குப் போய்விடுகிறது.

டாக்டர் அறை வாசலில் மாமா ஆர்டர் போட்டார். "ஏலே, அத்தைய வெளிய உக்கார வச்சு டீ வாங்கிக் குடு. உள்ள வந்தா பயந்துருவா."

தோள் அத்தையுடையது. கேட்கப் போவது நாங்கள் ஐந்து பேர். என்ன லாஜிக்?

டாக்டர் எங்களை வரிசையாகப் பார்த்தார். "இதுல யாருக்குத் தோளு வலிக்குது?"

ஐந்து பேரும் வாசல் பக்கம் கையைக் காட்டினோம்.

"அவங்களக் கூப்பிடுங்க."

அத்தை டீ கிளாஸோடு வந்தார்.

"மூட்டு மாத்துறதுல ரெண்டு வகைம்மா. தசைநார் நல்லா இருந்தா, பந்தும் கிண்ணமும் அதே எடத்துல புதுசா வைப்போம். உங்களுக்கு நார் கிழிஞ்சிருச்சு. அதனால தலைகீழா வைக்கணும். கிண்ணம் இருந்த எடத்துல பந்து, பந்து இருந்த எடத்துல கிண்ணம்."

மாமா என் காதில், "மாத்தி மாட்டப் போறாகளாம்லே. வேற டாக்டரப் பாப்பமா?"

டாக்டருக்குக் கேட்டுவிட்டது. "தெரிஞ்சேதான் மாத்துறோம். அப்பத்தான் கிழிஞ்ச நாரோட வேலையத் தோளு மேல இருக்குற பெரிய தசை செய்யும்."

அடுத்து ரிஸ்க். சீழ் பிடிக்கலாம், மூட்டு நழுவலாம், நரம்பு பாதிக்கலாம், நாள்பட லூஸாகலாம்... மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை கேட்டார், "பண்ணலேன்னா?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல. மாத்திரை, பயிற்சியில வலி கொறையலாம். ஆனா கை மேல போறது கஷ்டம்."

"பண்ணுனா துரட்டி புடிக்கலாமா?"

"கை மேல போக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா வெடுக்குனு இழுக்குற வேலை கூடாது. கைய முதுகுப் பக்கம் கொண்டு போறதும் சிரமம்."

அத்தை மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"பண்ணிருங்க சார். பஸ்ஸுக்குக் கை காட்டுனாப் போதும். குழைய இனிமே இவுக ஒடிக்கட்டும்" என்று மாமாவைப் பார்த்தார்.

'அவர் பயந்துவிடுவார்' என்று நாம் வெளியே உட்கார வைக்கிறோமே, அது யாருடைய பயம்?

திரும்பும்போது வேனில் மாமா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. பாதி வழியில் அத்தைதான் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.