அஞ்சாவது பிடில்

பேய், பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன் நான். அப்படிப்பட்ட ஆளு சொல்றேன், நம்புனா நம்பும், இல்லேன்னா போம். சிரிக்க மட்டும் செய்யாதீரு.

மறையூருக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல துரைக்குச் சமையக்காரனா இருந்தேன். குணங்கெட்ட மனுசன். ராத்திரியைப் பத்தியே அவனா ஒரு பாட்டுக் கட்டியிருந்தான், வார்த்தை கிடையாது, அந்தி மயங்குறது, மூடுபனி இறங்குறது, நடுச்சாமம் எல்லாம் பிடில்லயே வரும். கணப்பு எரியுற அறையில கதவைச் சாத்திக்கிட்டு நாலு பேரு வாசிப்பாங்க: துரை, துரைசாணி, பக்கத்து எஸ்டேட்டு துரை, தோட்டத்து டாக்டர். டாக்டருக்குத் தொடைக்கு நடுவுல வச்சு வாசிக்கிற பெரிய பிடில். வாசிக்கும்போது எவனும் வாயத் திறக்கப்படாது, அது அங்க சட்டம்.

அன்னிக்கு என் பொண்டாட்டி செல்லம்மா, தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துல பிரசவ வலியில கிடக்கா. பிள்ளை குறுக்கே கிடக்குன்னு ஆள் ஓடி வருது. நான் உள்ள போயி டாக்டரைக் கும்பிட்டேன், அவரும் எந்திரிக்கப் பாத்தாரு. "முடிஞ்சப்புறம் போகலாம்"னு துரை பிடில் வில்லை நீட்டிக் கதவைக் காட்டுனான் எனக்கு. கையில கறிக்கத்தி இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது.

நான் போகல, கதவோரமே நின்னேன். ஒருவழியாப் பாட்டு முடிஞ்சுது. நாலு பேரும் வில்லை மடியில வச்சாச்சு. சத்தியமாச் சொல்றேன், பாட்டு நிக்கல. ஒத்தைப் பிடில் மட்டும் அந்த அறைக்குள்ளயே இழுத்துக்கிட்டிருக்கு, ஆளைக் காணோம். துரைசாணி காதைப் பொத்திக்கிட்டா. துரை டாக்டர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "உக்காரு, வாசி, விட்டுட்டுப் போகாதே"ன்னு இங்கிலீசுல கத்துறான். நான் அவனைத் தள்ளிவிட்டு டாக்டரை இழுத்துக்கிட்டு ஓடுனேன். துரையத் தொட்டா தோலை உரிச்சிருவாங்க, அப்ப யாருக்கு அந்த நெனப்பு.

லயம் மலைக்குக் கீழ, பங்களாவுல வேட்டுப் போட்டாலும் அங்க கேக்காது. டாக்டரு பிள்ளையத் திருப்பி எடுத்தாரு, பொம்பளப் பிள்ளை, தாயும் பிழைச்சா. கண்ணு முழிச்சதும் அவ கேட்டா:

"ஏங்க, நாலு பேரும் நிறுத்திட்டாங்களே, அந்த அஞ்சாவது ஆளை ஏன் நீங்க நிறுத்தச் சொல்லல?"

பங்களாப் படிய மிதிச்சவளே இல்ல அவ. டாக்டரு பையைக்கூட எடுக்காம வெளிய போயிட்டாரு.

மறுநாளே துரை எங்க சாமானை வெளிய எறிஞ்சான். வண்டன்மேட்டுக்கு வந்து ஏலக்காட்டுல வேலைக்குச் சேந்தோம், மகளுக்கும் கல்யாணம் ஆயிருச்சு. செல்லம்மா நல்லாத்தான் இருக்கா, ருசியாச் சமைப்பா, என்னை வாய்க்கு வந்தபடி வைவா. விளக்கை அணைச்சப்புறம் மட்டும் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு ஒண்ணு கேப்பா. நேத்தும் கேட்டா.

"ஏங்க, இத்தனை வருசமா விடாம வாசிக்கிறானே, அவனுக்குக் கை வலிக்காதா?"