யானை வந்தாலும் கேட்காது

ஹெட்செட் வியாபாரத்துக்குக் காது தேவையில்லை, பொறுமைதான் தேவை. எனக்குக் காது மட்டும்தான் இருக்கிறது. போடியில் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சாமான் கடை. கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குலுக்கிப் பார்த்தவர்

ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். விலை குறைந்ததில் நாலு காட்டு என்றார். காட்டினேன். ஒன்றையும் காதில் மாட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு காதோரம் பிடித்துக் குலுக்கினார். ஏலக்காய் நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே அரிசி, அதாவது விதை, ஆடிச் சத்தம் கேட்கும். ஆயுசு முழுக்க அப்படியே வாங்கிப் பழகியவர். பாட்டுப் போட்டுக் கேளுங்கள் என்றேன். கண்டுகொள்ளவில்லை. நாலையும் என் பக்கம் தள்ளினார்.

"மூணுல சத்தமே இல்ல. இது ஒண்ணுதான் ஆடுது. ஏலக்காயா இருந்தா மூட்டையோட எடுத்திருப்பேன்."

செல்வியின் மூன்று சாயங்காலம்

செல்வி ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுப்பவள். விடியலில் ஜீப் ஏறி மலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குவாள். செடிக்குள் குனியும்போதெல்லாம் ஹெட்செட் வயர் சிக்கி அறுந்துபோகிறது, வயரில்லாததாக நல்லது வேண்டும் என்று வந்தாள்.

அதற்கு மூன்று சாயங்காலம் ஆனது. கழுத்தில் மாட்டுவது வியர்வையில் ஊறும் என்றாள். காதை மூடும் பெரியது தலைத்துண்டுக்கு மேல் நிற்கவில்லை. மிச்சம், காதுக்குள் செருகும் குமிழ். அதிலும் இரண்டு ரகம்: ஒன்று சாதா, இன்னொன்று வெளிச்சத்தத்தை அடைப்பது. எதிரே ஜீப் உறும, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கடை சாத்தும் நேரம். எரிச்சலில் சொல்லிவிட்டேன், சத்தத்தை அடைக்கிற இந்த ரகத்தைப் போட்டால் பக்கத்தில் யானை வந்தாலும் கேட்காது என்று.

"இத மொத நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே வாங்கியிருப்பேன்லண்ணே."

ஷட்டர் இறங்கிய மத்தியானம்

இரண்டு நாள் கழித்து, லோடு இறக்க வந்த டிரைவர் டீக்கடையில் சொன்னான். மேலே காய் எடுக்கும் இடத்திலேயே யானை இறங்கிவிட்டதாம். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். எந்த எஸ்டேட் என்றேன். செல்வி போகும் எஸ்டேட். எல்லாரும் வந்துவிட்டார்களா என்றேன். அவன் கிளம்பும்போது கங்காணி ஆளை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

செல்விக்குப் போன் போட்டேன். அங்கே டவர் கிடையாது என்று தெரிந்தே நாலு தடவை போட்டேன். அவள் வாங்கிப்போன ரகத்தில் மிச்சமிருந்த டப்பாக்களை அலமாரியிலிருந்து இறக்கினேன். பார்க்கப் பிடிக்கவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்டாண்டில் போய் நின்றேன். போகிற வருகிற ஜீப்பையெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தினான்.

"என்னண்ணே, வயசான காலத்துல காய் எடுக்கக் கெளம்பிட்டீங்களா?"

ஆளுக்கு ஒன்று

பொழுது சாயும்போது அந்த எஸ்டேட் ஜீப் வந்தது. கடைசிக்கு முந்தின ஆளாகச் செல்வி இறங்கினாள். வலது காதில் குமிழ். இடது காது காலி. பின்னாலேயே இறங்கிய, கூடக் காய் எடுக்கும் பாண்டியம்மாளின் இடது காதில் இன்னொன்று. இருவரும் சேர்ந்து வாங்கியதாம், ஆளுக்கு ஒன்று. கங்காணி கத்துவதற்கு முன்னாலேயே கிளை முறியும் சத்தம் கேட்டு மற்றவர்களைக் கிளப்பியதே செல்விதானாம்.

ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்துகொண்டேன். அப்புறம்தான் கோபம் வந்தது. மத்தியானத்திலிருந்து என்னைச் சாகடித்துவிட்டாயே என்று திட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்ன யானைக் கதையை நினைவுபடுத்தியதும் பாண்டியம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு மலையில எவளாச்சும் குனிவாளாண்ணே? அத விடுங்க, இவ போடுற பாட்டையே நாளெல்லாம் கேக்க வேண்டியிருக்கு, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தச் சரக்கையும் ஒற்றைக் காதில்தான் போட்டுப் பார்த்து எடுக்கிறேன், மற்ற காது ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிறது.